பேச்சி தடையின்றி வாசித்தாள்

காத்தாடிப்பாறை
10-7-1977

அன்பு அக்கா மாயக்காளுக்கு,

தம்பி சோலைமலை எழுதுவது. அட்டைக்கடியைத் தவிர என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மச்சானும் பொன்னுமணியும் சுகந்தானே? அய்யாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

வேலையில் சேர்ந்து நாலு வாரம் ஆகிவிட்டது. போடியில் விடியக்காலை ஜீப்பு ஏறி, ஏலத்தோட்டத்து ஆட்களோடு நசுங்கிக்கொண்டு வந்து, போடிமெட்டுக்கு மூன்று வளைவு இருக்கும்போதே இறங்கி, ஒற்றையடிப் பாதையில் அரைமணி நேரம் நடந்தால் என் பள்ளிக்கூடம். ஒரே அறை, தகரக் கூரை, ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். அந்த வாத்தியார் உன் தம்பி. மழை பிடித்துக்கொண்டால் தகரச் சத்தத்தில் நான் கத்துவது எனக்கே கேட்காது. அப்போது நானும் பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்போம்.

பதிவேட்டில் முப்பத்தொரு பேர். எல்லோரும் தோட்டத்து லயத்தில், அதாவது கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகளில் இருப்பவர்கள். ஒருநாள் வந்தால் மறுநாள் வரமாட்டார்கள். தவறாமல் வருகிறவள் மூன்றாம் வகுப்பு பேச்சி ஒருத்திதான். எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் நிற்பாள். ஒரு துணியில் உப்பு முடிந்து வைத்திருப்பாள். நான் வந்ததும், "காலைக் காட்டுங்க சார்" என்று சொல்லி ஒவ்வொரு அட்டையாக உப்பு வைத்து விழத்தட்டுவாள். படிப்புதான் கொஞ்சம் மெது.

அய்யா ஊரெல்லாம் சர்க்கார் வேலை என்று சொல்லிக்கொண்டு திரிவாரே, கொஞ்சம் அடக்கி வை. இரண்டு வருடம் தகுதிகாண் பருவம். பள்ளித் துணை ஆய்வாளர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் பாடம் நடத்துவதைப் பார்ப்பார். பாடக்குறிப்பைப் புரட்டுவார். பிள்ளைகளை எழுப்பி வாசிக்கச் சொல்வார். 'திருப்தி' என்று அவர் எழுதினால்தான் வேலை நிலைக்கும். இல்லையென்றால் பருவத்தை நீட்டுவார்கள், வீட்டுக்கே அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

அன்புத் தம்பி,
சோலைமலை

சிலமலை
2-8-1977

அருமைத் தம்பி சோலைக்கு,

உன் அக்கா. எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். அய்யாவுக்கு முழங்கால் வலி டீக்கடை வரைக்கும் போகும்போது இருப்பதில்லை, வயலுக்குப் போகும்போதுதான் வருகிறது. நீ அட்டைக்குப் புகையிலைத் தண்ணி தடவிக்கொள். குளிரில் தலையைத் துவட்டாமல் நிற்காதே.

அடேயப்பா, வாத்தியாருக்கே பரீட்சையா! பொன்னுமணியிடம் சொன்னேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. "மாமா பெயிலாப் போனா முட்டி போடச் சொல்லுவாகளாம்மா?" என்று கேட்கிறாள். அவளும் மூன்றாம் வகுப்புதான். புத்தகம் முழுக்கப் பாராமலே சொல்வாள். வாய் ஓயாது.

எனக்கு உன் வேலையை நினைத்தால் ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் சிரிப்பு. நாலாம் வகுப்பில் என்னை நிறுத்தி உன்னைத் தூக்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஆத்தா களைவெட்டுக்குப் போய்விடும். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துச் சன்னலுக்கு வெளியே நின்று ஏழாம் வாய்ப்பாடு படித்தேன். நீ வாத்தியார் ஆனதில் எனக்கும் கால்பங்கு உண்டு, ஞாபகம் வைத்துக்கொள்.

அந்த உப்புக்காரப் பிள்ளையை நான் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
மாயக்காள்

காத்தாடிப்பாறை
30-10-1977

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். ஒரு வாரம் காய்ச்சல் இருந்து இப்போது தேவலை. நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? தீபாவளிக்கு வருகிறேன்.

ஆய்வாளர் வந்துவிட்டுப் போனார். வருவார் என்று தெரியும், அன்றைக்கு வருவார் என்று தெரியாது. இது காய் எடுக்கிற காலம். ஆகஸ்டில் தொடங்கினால் தை வரைக்கும் பெரியவர்களோடு பிள்ளைகளும் ஏலச்செடித் தூரில் குந்திக் காய் பறிக்கப் போய்விடுவார்கள். முப்பத்தொரு பேரில் அன்று வந்திருந்தது நாலு பேர். அதில் பேச்சி ஒருத்தி. மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டபடியே எழுந்து நின்றாள். தபால்காரர் பாடத்தை வாசிக்கச் சொன்னார். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடினாள். இரண்டு வரி தாண்டுவதற்குள் அவளுக்கும் வேர்த்துவிட்டது, எனக்கும் வேர்த்துவிட்டது.

ஆய்வுப் பதிவேட்டில் அவர் எழுதியதை உனக்கு அப்படியே எழுதுகிறேன். "வருகை மிகக் குறைவு. மூன்றாம் வகுப்பு மாணவி பேச்சிக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை. பிப்ரவரியில் மீண்டும் வந்து இதே மாணவியை வாசிக்கச் சொல்வேன். முன்னேற்றம் இல்லையெனில் ஆசிரியரின் தகுதிகாண் பருவம் குறித்து மேலிடத்துக்கு எழுத நேரும்."

எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினார். கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் போடுவதை நாலு பிள்ளைகளும் பார்த்தார்கள். அவர் போன பிறகு நெடுநேரம் நான் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அய்யாவிடம் இதைச் சொல்லாதே.

தம்பி,
சோலைமலை

காத்தாடிப்பாறை
22-1-1978

அன்பு அக்காவுக்கு,

நலம். பொங்கலுக்கு நீ கொடுத்தனுப்பிய அதிரசம் நேற்றுத்தான் தீர்ந்தது. மச்சானுக்கு இருமல் நின்றதா?

ஒரு உதவி கேட்கிறேன். பிப்ரவரி 8 புதன்கிழமை பொன்னுமணியையும் அவளோடு படிக்கும் பிள்ளைகள் ஏழு பேரையும் இங்கே அனுப்பி வை. மலை பார்த்த மாதிரி இருக்கும். முதல் பஸ்சில் போடிக்கு வந்தால் நானே கூட்டி வந்து ஜீப்பில் ஏற்றிக்கொள்வேன், பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து விட்டுவிடுவேன். அவர்கள் வாத்தியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்குப் பழைய துணி போதும். பவுடர் வேண்டாம், பூ வேண்டாம். பொன்னுமணியின் தோட்டையும் கழற்றிவிடு, ஜீப்புக் கூட்டத்தில் தொலைந்துபோகும். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை மட்டும் மறக்காமல் எடுத்துவரச் சொல்.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி,
சோலைமலை

சிலமலை
29-1-1978

அருமைத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். மச்சானுக்கு இருமல் நின்று இப்போது தும்மல்.

மலை பார்க்கப் போகிற பிள்ளைக்குப் புத்தகம் எதற்கடா? பூ வைக்காமல், தோடு போடாமல் அனுப்பச் சொல்கிறாய். இழவு வீட்டுக்கா கூட்டிப்போகிறாய் என்று உன் மச்சான் கேட்கிறார். வாத்தியார் ஆனதும் உனக்குப் புத்தி இப்படிப் போகிறது போலும். சரி, அனுப்புகிறேன். பிள்ளைகள் இப்போதே தூங்குவதில்லை. எட்டுப் பேருக்கும் புளிச்சோறு கட்டித் தருகிறேன். வளைவில் வாந்தி எடுப்பார்கள், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்.

அய்யாவை அடக்க என்னால் ஆகவில்லை. "எம்மகன் மலையில முப்பது பிள்ளைகளுக்கு ஒத்த ஆளா நின்னு படிப்புச் சொல்லுறான்" என்று நேற்றுக்கூட டீக்கடையில் சத்தம். நீ சொன்ன அந்த ஆய்வாளர் சங்கதியை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிப்ரவரியில் வருவார் என்றாயே, என்றைக்கு?

உன் அக்கா,
மாயக்காள்

காத்தாடிப்பாறை
19-2-1978

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். புளிச்சோறு பிரமாதம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். எனக்கு அன்று சாப்பிட நேரமில்லை.

பிள்ளைகள் நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள் அல்லவா? பனி இறங்கி ஏறுவதைப் பார்த்து, புகை, புகை என்று கத்தினார்கள். பொன்னுமணி எதையும் சொன்னாளா?

தற்செயலாக அன்றைக்கே ஆய்வாளரும் வந்துவிட்டார். வருகை திருப்தி என்று எழுதியிருக்கிறார். நான் நடத்திய பாடம், கரும்பலகை எழுத்து, பாடக்குறிப்பு எல்லாமே நன்று. மாணவி ஒருத்தி தங்கு தடையின்றி வாசித்ததாகவும், நான்கே மாதத்தில் இத்தனை முன்னேற்றம் காட்டிய ஆசிரியர் பாராட்டுக்குரியவர் என்றும் எழுதியிருக்கிறார். முதல் வருட அறிக்கை நல்லபடியாகவே போகும். அய்யாவிடம் இதைச் சொல்லலாம்.

குளிர் அதிகம். அதனால் தூக்கம் சரியாக வருவதில்லை. வேறு ஒன்றுமில்லை.

தம்பி,
சோலைமலை

சிலமலை
16-4-1978

தம்பி சோலைமலைக்கு,

இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. நீயும் அப்படி இருப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் வந்து இரண்டு மாதம். பதில் எழுதாததற்கு வீட்டுச் சோலி காரணமில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நீ எழுதிய அந்த வாரமே பொன்னுமணியின் பைக்கட்டில் ஒரு பென்சில் பார்த்தேன். ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம். ஆபீசர்கள் வைத்திருப்பது. திருடிவிட்டாளோ என்று பயந்து கேட்டேன். அழுதாளே தவிரச் சொல்லவில்லை. மாமா சொல்லக் கூடாது என்றாராம். அடித்துக் கேட்ட பிறகு சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மாமா எங்க எட்டுப் பேருக்கும் வேற வேற பேரு சொல்லி மனப்பாடம் பண்ணச் சொன்னாரு. எனக்குப் பேச்சின்னு பேரு. ஆபீசரு பேச்சி யாருன்னு கேட்டாரு. நான் எந்திரிச்சு வாசிச்சேன். ரொம்ப நல்லா வாசிக்கிறியேன்னு பென்சில் குடுத்தாரு. அப்ப சன்னலுக்கு வெளிய விறகுகிட்ட ஒரு பிள்ளை நின்னுச்சும்மா. ஆபீசரு பேச்சின்னு கூப்பிட்டப்ப அதுவும் வாயைத் தொறந்துச்சு. மாமா பார்த்தாரு. மூடிக்கிருச்சு. பெறகு சாப்பிடையில உம்பேரு என்னன்னு கேட்டேன். இன்னைக்கு நீதான் பேச்சி, நாளைக்கு நான் அப்படின்னுச்சு."

மாணவி ஒருத்தி என்று எழுதியிருந்தாயே அப்பு. உன் காலில் உப்பு வைத்த பிள்ளையின் பேரை எழுத உனக்குக் கை வரவில்லை. அந்த மட்டுக்கும் உனக்குக் கூச்சம் இருந்திருக்கிறது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை சொன்னதில்லை. நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சன்னலோரம் நின்று படித்தேன் என்று சிரிப்பாகச் சொல்வேனே, அது எத்தனை நாள் என்று நீ கேட்டதில்லை. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் நீ அழுதாய். வாத்தியார் வந்து சன்னலைச் சாத்திவிட்டார். என்னைத் திட்டவில்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, சன்னல் கதவை மட்டும் சாத்தினார். எனக்கு முப்பது வயதாகிறது. இன்றைக்கும் எந்தப் பள்ளிக்கூடத்தைக் கடந்தாலும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். பொன்னுமணியைக் கொண்டுபோய்ச் சேர்த்ததுகூட உன் மச்சான்தான்.

அந்த வாத்தியார் யாரோ. நீ என் தம்பி.

என் மகளையும் சேர்த்து இதில் இழுத்துவிட்டாய். பென்சிலை இதோடு வைத்திருக்கிறேன். யாருக்குச் சேர வேண்டுமோ அவளிடம் கொடு.

மாயக்காள்

காத்தாடிப்பாறை
14-6-1978

அன்பு அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வர முடியவில்லை. பெரியகுளத்தில் ஒரு பயிற்சி இருந்தது.

பென்சில் கிடைத்தது.

நீ நினைக்கிற அளவுக்கு அது பெரிய விஷயமில்லை அக்கா. ஆய்வு என்றால் பக்கத்துப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை இரவல் வாங்குவது எல்லா இடத்திலும் உள்ளதுதான். ஆய்வாளர் வரும் தேதியையும் இந்த யோசனையையும் எனக்குச் சொன்னவர்கள் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர்கள். யாருக்கும் இதில் நட்டமில்லை. பேச்சியும் நன்றாக இருக்கிறாள். முதல் வருட அறிக்கையில் 'திருப்தி' என்று வந்துவிட்டது.

மச்சானையும் அய்யாவையும் கேட்டதாகச் சொல்லவும்.

சோலைமலை

காத்தாடிப்பாறை
3-9-1978

அக்காவுக்கு,

நீ பதில் போடவில்லை. போடமாட்டாய் என்று தெரிந்துதான் இதையும் எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது, பொன்னுமணி என் பேரைச் சொல்கிறாளா என்றெல்லாம் கேட்க ஆசை. கேட்கும் யோக்கியதை இருப்பதாகத் தெரியவில்லை.

போன கடிதத்தில் பேச்சி நன்றாக இருக்கிறாள் என்று எழுதினேன். அது பொய். அந்த நாளுக்குப் பிறகு அவள் எனக்கு முன்னால் வருவதில்லை. கடைசியில் வந்து கடைசியில் உட்காருவாள். வருகை எடுக்கும்போது பேர் சொன்னால் உடனே பதில் சொல்ல மாட்டாள். வேறு யாராவது சொல்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் "உள்ளேன் ஐயா" என்பாள். நான் அதைக் கவனிக்காதது போல அடுத்த பேருக்குப் போய்விடுவேன்.

ஆகஸ்டு தொடங்கியதும் அவளும் வரவில்லை. மூன்று வாரம் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். பேச்சியின் அம்மா கருத்தம்மா என்னைக் கண்டதும் முந்தானையால் பலகையைத் துடைத்து உட்காரச் சொல்லி, கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். பேச்சி ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"அதான் படிச்சு முடிச்சிருச்சுல்ல சார்? ஆபீசரே எழுதிட்டுப் போனாராமே, பேச்சி தடையில்லாம வாசிக்குதுன்னு. போற வழியில நம்ம கங்காணி ராக்கையா அண்ணங்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்காரு. லயம் பூரா அன்னைக்கு எங்களைத்தான் பார்த்துச்சு சார். எங்க வம்சத்துல வாசிக்கத் தெரிஞ்ச மொத ஆளு. இதுக்கு மேல என்ன சார் படிப்பு? இனி எங்கூடக் காயெடுக்க வரட்டும்."

அக்கா, நான் சாயாவைக் கீழே வைத்துவிட்டேன். இன்னும் கேள். அவள் புருஷன் மரம் வெட்ட மூணாறு பக்கம் போயிருக்கிறான். சித்திரையில் அவனிடமிருந்து ஒரு காகிதம் வந்ததாம். எப்போதும் கங்காணியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறவள், இந்த முறை பெருமையாக மகள் கையில் கொடுத்திருக்கிறாள். பேச்சி விரலை வைத்துக்கொண்டு நின்றாளாம்.

"ஆபீசருக்கு முன்னால அருவி கணக்கா வாசிச்சியாம், ஆத்தாளுக்கு வாசிக்க வலிக்குதாடின்னு வெளக்கமாத்தால வச்சுட்டேன் சார். அழுத்தக்காரி. எம்புட்டு அடிச்சும் ஒத்த வார்த்தை பேசல."

பேசமாட்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சொன்னவன் நான். அடி வாங்கியும் அவள் என் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள்.

அவள் உள்ளே அடுப்புப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். சொன்னால் லயத்துக்குத் தெரியும், கங்காணிக்குத் தெரியும், ஆய்வாளருக்குத் தெரியும், வேலை போகும், அய்யா டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது. இத்தனையும் அந்த ஒரு மூச்சில் நினைத்தேன். "சரிம்மா, வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பென்சில் இன்னும் என் மேசை டிராயரில்தான் கிடக்கிறது.

எனக்கு என்னைப் பார்த்தாலே அருவருப்பாக இருக்கிறது.

சோலைமலை

(அஞ்சலட்டை)
சிலமலை
9-9-1978

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன்னை எத்தனை நாள் சுமந்தேன் என்று நான் சொல்லிக்காட்டியதில்லை. இதை என்னால் சுமக்க முடியாது, அந்தப் பிள்ளையும் சுமக்கக் கூடாது. லயத்துக்குத் திரும்பப் போ. அய்யாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாயக்காள்

காத்தாடிப்பாறை
1-10-1978

அன்பு அக்காவுக்கு,

உன் கார்டு வந்த மறுநாளே போனேன். எனக்கு உடம்பு ஒன்றுமில்லை. அங்கே எப்படி?

கருத்தம்மா வீட்டில் இல்லை. தோட்டத்து ஸ்டோருக்குப் போனேன், அங்கே காய் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள், "வாங்க சார்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். பக்கத்தில் கங்காணி ராக்கையா, இருபது முப்பது பேர். தனியாகக் கூப்பிட்டால் பாதியை முழுங்கிவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது. அங்கேயே சொன்னேன். அன்று வாசித்தது பேச்சி இல்லை, என் அக்கா மகள். பேச்சியை நான்தான் விறகுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். என் வேலைக்காகச் செய்தேன்.

தராசுக்காரன் எடைக்கல்லைக் கையில் பிடித்தபடியே நின்றான். கங்காணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கருத்தம்மா திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப எம்மக அழுத்தத்துல நிக்கலயா சார்? தெரியாமத்தான் நின்னுச்சா?"

"ஆமாம்மா."

"அடிச்சுப்புட்டேனே சார்."

அவ்வளவுதான் சொன்னாள். கூடையை அப்படியே போட்டுவிட்டு லயத்தைப் பார்த்து நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். வீட்டு வாசலில் திரும்பி, "இனிமே எம்பிள்ளைய வெளிய நிறுத்த மாட்டீகளே?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். அதை அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் திங்கட்கிழமை அனுப்பிவிட்டாள்.

அன்று இரவே ஆய்வாளருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். யார் யோசனை சொன்னார்கள் என்று எழுதவில்லை. செய்தது நான்தானே. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்திருக்கிறது. என்ன ஆகும் என்று தெரியாது. கங்காணி இப்போதெல்லாம் என்னை 'சார்' என்று கூப்பிடுவதில்லை. ஜீப்பில் நான் ஏறினால் பேச்சு நின்றுவிடுகிறது. அதைத் தாங்கிக்கொள்கிறேன்.

பேச்சியிடம் பென்சிலைக் கொடுத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் வாசிக்கலயே சார்" என்றாள். மறுபடி டிராயரில் வைத்துவிட்டேன்.

பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் அவளோடு உட்காருகிறேன். புத்தகம் வேண்டாம் என்று அவள் அப்பாவின் காகிதத்தையே கொண்டுவரச் சொன்னேன். முதல் வரியை மூன்று நாளில் முடித்தாள். 'அன்புள்ள பேச்சிக்கு' என்று அவன் மகளுக்குத்தான் எழுதியிருக்கிறான். அது அவளுக்கே வந்த காகிதம் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

தம்பி,
சோலைமலை

காத்தாடிப்பாறை
25-2-1979

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். பொங்கலுக்கு அய்யா என்னோடு பேசினாரே, அதுவே பெரிது. அவர் முழங்காலுக்குத் தைலம் வாங்கி ஜீப்பு ஆளிடம் கொடுத்திருக்கிறேன். பொன்னுமணிக்குச் சளி விட்டதா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பிழைத்துக்கொண்டேன். தகுதிகாண் பருவத்தை ஒரு வருடம் நீட்டியிருக்கிறார்கள். போன வருடத்துத் 'திருப்தி'யைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். அது நியாயம்தான்.

புதன்கிழமை ஆய்வாளர் சொல்லாமல் வந்தார். பதினேழு பேர் இருந்தார்கள். பதினேழும் இந்த லயத்துப் பிள்ளைகள். வந்ததும் வருகைப் பதிவேட்டைத் திறக்கவில்லை. வெளியே போய் விறகுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு பாடத்தைத் தொடங்கினேன்.

பேச்சி வாசித்தாள். விரலை வைத்துத்தான் வாசித்தாள். இரண்டு இடத்தில் நின்றாள். நான் சொல்லிக் கொடுத்துவிடுவேனோ என்று அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவளே தட்டுத் தடுமாறிக் கடந்து முடித்தாள். "மெதுவாக வாசிக்கிறாள். தானே வாசிக்கிறாள்" என்று எழுதிவிட்டு, இந்தத் தடவை உரக்கப் படிக்காமல் என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

இதோடு கடிதத்தை முடித்துவிடலாம். முன்பெல்லாம் அப்படித்தான் முடித்தேன். ஆனால் வாசிப்பதற்கு முன்னால் நடந்தது ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டால் இதுவும் அந்தப் பழைய கடிதம் மாதிரி ஆகிவிடும்.

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேச்சியைக் கிட்டத்தில் வரச் சொன்னார். போன தடவை முகத்தைப் பார்க்காமல் விட்டதால் இப்போது நன்றாகப் பார்த்தார். "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பதினாறு பிள்ளைகளும் அவரும் கேட்டுக்கொண்டிருக்க, மெதுவாக,

"நானே சொல்லவா சார்?" என்று கேட்டாள்.

அன்று மழைகூட இல்லை அக்கா. ஆய்வாளர் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டினேன்.

"பேச்சி" என்றாள்.

உன் தம்பி,
சோலைமலை